வேளைக்கு ஒரு வேலை: தாய்ப்பாலை நிறுத்தத் தீர்மானித்தவர்களுக்கு

என் மூத்தவனுக்குப் பதினோரு மாதம் நடந்துகொண்டிருந்தது. ஒரு சனிக்கிழமை மாலை அத்தை சின்னக் கிண்ணத்தில் வேப்பெண்ணெய் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தார். திங்கட்கிழமை நான் வேலைக்குத் திரும்ப வேண்டும். "இரண்டு நாள் அழுவான், மூன்றாம் நாள் மறந்துவிடுவான். உன் வீட்டுக்காரனுக்கும் இப்படித்தான் மறக்கடித்தேன்" என்றார். பூசிக்கொண்டேன். பையன் தவழ்ந்து வந்து மடியில் ஏறினான், வாயை வைத்தான், எடுத்தான். முகத்தைச் சுளித்து என்னை நிமிர்ந்து பார்த்தான். மறுபடி வைத்தான், மறுபடி எடுத்தான். மூன்றாம் முறை வைக்கவில்லை.

அத்தை சொன்னது பலித்தது. மூன்றாம் நாள் அவன் மறந்துவிட்டான். என் மார்புக்குத்தான் மறக்கத் தெரியவில்லை. செவ்வாய்க்கிழமை அலுவலகத்தில் ரவிக்கை நனைந்து, துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். புதன்கிழமை இரண்டு பக்கமும் கல்லாகிவிட்டது. வியாழக்கிழமை வலது மார்பில் கையகலத்துக்குச் சிவந்து, 102 டிகிரி காய்ச்சல். பத்து நாள் ஆன்டிபயாடிக் சாப்பிட்டேன். பையனுக்கு அந்த நாட்களில் தண்ணீர் கலந்த பசும்பாலைப் புட்டியில் ஊற்றிக் கொடுத்தோம். அது எவ்வளவு பெரிய தவறு என்று அடுத்த ரத்தப் பரிசோதனையில் தெரிந்தது.

ஐந்து வருடம் கழித்து இளையவளுக்கு நிறுத்தியபோது ஏழு வாரம் எடுத்துக்கொண்டேன். காய்ச்சல் இல்லை, கட்டி இல்லை, வேப்பெண்ணெயும் இல்லை. கீழே எழுதியிருப்பது இந்த இரண்டு அனுபவங்களுக்கு நடுவில் மருத்துவர்களிடம் கேட்டும் படித்தும் நான் தெரிந்துகொண்டது. ஒரே வரியில் சொல்வதானால், பால் என்பது பால் மட்டுமில்லை. காலையில் குடிக்கும் பால் பசிக்கு, மதியம் குடிப்பது தூக்கத்துக்கு, சாயங்காலம் குடிப்பது அம்மா வந்துவிட்டாள் என்ற நிம்மதிக்கு. ஒவ்வொரு வேளைப் பாலுக்கும் ஒரு வேலை இருக்கிறது. அந்த வேலையை வேறு யாரிடமாவது, வேறு எதனிடமாவது ஒப்படைத்துவிட்டுத்தான் அந்த வேளையை நிறுத்த வேண்டும். வேப்பெண்ணெய் எல்லா வேலைகளையும் ஒரே நாளில் பறித்துவிடுகிறது. எதையும் யாரிடமும் ஒப்படைப்பதில்லை.

எப்போது நிறுத்துவது?

உலக சுகாதார நிறுவனம் சொல்வது எளிமையான கணக்கு. முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும், தண்ணீர்கூட வேண்டாம். 6 மாதம் முடிந்ததும் இணை உணவு தொடங்க வேண்டும், தாய்ப்பாலும் தொடர வேண்டும். 2 வயது வரைக்கும், விருப்பமிருந்தால் அதற்கு மேலும் கொடுக்கலாம். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமும் 2022இல் தன் பரிந்துரையை இதையொட்டி மாற்றிக்கொண்டது. இரண்டு வயது என்பது கெடு அல்ல. இரண்டரை வயதுக் குழந்தை பால் குடித்தால் அதில் அசிங்கமும் இல்லை, பத்து மாதத்தில் ஒரு தாய் நிறுத்தினால் அதில் குற்றமும் இல்லை. இரண்டுக்கும் நம் ஊரில் ஆளுக்கொரு வசவு தயாராக இருக்கிறது என்பது வேறு கதை.

வயதைப் பொறுத்து ஒரு விஷயம் மட்டும் மாறுகிறது. ஒரு வயதுக்குள் நிறுத்தினால் தாய்ப்பாலின் இடத்துக்குப் பவுடர் பால்தான் (சாதாரணப் பால்பவுடர் அல்ல, கைக்குழந்தைகளுக்கென்றே தயாரிக்கும் ஃபார்முலா) வர வேண்டும். பசும்பால் வரக் கூடாது. ஒரு வயதுக்குப் பிறகு நிறுத்தினால் பவுடர் பால் தேவையில்லை, சாப்பாடும் சாதாரணப் பாலும் போதும். ஆகவே குழந்தைக்கு இப்போது பத்து, பதினோரு மாதம் என்றால், முடிந்தால் இன்னும் ஓரிரு மாதம் பொறுங்கள். டப்பா வாங்கும் செலவும், அளந்து கலக்கும் வேலையும் மிச்சம். 6 மாதத்துக்குள் நிறுத்தும் நிலை வந்தால் குழந்தை மருத்துவரைப் பார்க்காமல் எதையும் தொடங்க வேண்டாம்.

வேலைக்குப் போவதற்காக முழுவதுமாக நிறுத்த வேண்டும் என்று நினைப்பவர்கள்தான் அதிகம். நானும் அப்படித்தான் நினைத்தேன். பகலில் மட்டும் நிறுத்திவிட்டு, காலையில் கிளம்பும் முன் ஒரு முறை, வந்ததும் ஒரு முறை, இரவில் ஒரு முறை என்று கொடுக்கலாம் என்பதை எனக்கு யாரும் சொல்லவில்லை. சில நாட்களில் மார்பு இந்தப் புதிய கணக்குக்குப் பழகிவிடும். சட்டமும் கொஞ்சம் துணை நிற்கிறது. முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்துடன் விடுப்பு என்பது மகப்பேறு நலச் சட்டத்தின் 2017 திருத்தத்தில் வந்தது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும், தாய் நாளுக்கு நான்கு முறை அங்கே போய் வரலாம் என்பதும் அதே திருத்தம்தான். குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை பாலூட்ட நாளுக்கு இரண்டு இடைவேளை என்பது அதற்கு முன்பே இருந்த விதி. தமிழ்நாடு அரசுப் பணியில் இருப்பவர்களுக்கு 2021 ஜூலை முதல் மகப்பேறு விடுப்பு 12 மாதம். கேட்டால்தான் கிடைக்கும் என்பதால் கேளுங்கள்.

நிறுத்தத் தேவையில்லாத காரணங்கள் சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன். குழந்தைக்குப் பல் முளைத்துவிட்டது, உங்களுக்கு மாதவிடாய் திரும்பிவிட்டது, சளி காய்ச்சல் வந்துவிட்டது என்பவை எதுவும் காரணங்கள் அல்ல. மாத்திரை எழுதிக் கொடுக்கும் மருத்துவரிடம் "பால் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்" என்று சொல்லுங்கள்; பெரும்பாலான வேளைகளில் ஒத்துப்போகும் மருந்து இருக்கும். புற்றுநோய்க்கான மருந்துகள், கதிரியக்க அயோடின் போன்ற சிலவற்றுக்குத்தான் உண்மையாகவே நிறுத்த வேண்டியிருக்கும்.

அடுத்த கர்ப்பம் கொஞ்சம் சிக்கலான காரணம். கர்ப்பிணியின் பால் கெட்ட பால் என்று பாட்டிமார்கள் சொல்வது சரியில்லை. இயல்பான கர்ப்பம் என்றால் பால் கொடுப்பதால் வயிற்றுப் பிள்ளைக்குக் கெடுதல் இல்லை. முன்பு குறைப்பிரசவமோ, கருச்சிதைவோ, இப்போது ரத்தப்போக்கோ இருந்தால் மருத்துவரைக் கேட்க வேண்டும். பால் தானாகவே குறையும், ருசியும் மாறும்; பல குழந்தைகள் அதனாலேயே விட்டுவிடுகிறார்கள். ஆனால் பாட்டிமார்கள் வேறொன்றைச் சரியாகக் கவனித்து அதற்கு ஒரு பெயரும் வைத்திருந்தார்கள்: சவலைப் பிள்ளை. அடுத்தது வயிற்றில் வந்ததும் பாலிலிருந்து விலக்கப்பட்டு, அதற்கு ஈடான சாப்பாடும் கிடைக்காமல் வயிறு உப்பிக் கைகால் சூம்பி நிற்கும் குழந்தை. 1930களில் சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண் மருத்துவர், இன்றைய கானாவில் இதே போன்ற குழந்தைகளைப் பார்த்து, அங்கத்திய கா மொழிச் சொல்லான 'குவாஷியோர்கர்' என்பதையே மருத்துவ உலகுக்குக் கொண்டுபோனார். அடுத்த குழந்தை பிறக்கும்போது மூத்ததற்கு வரும் நோய் என்பதுதான் அந்தச் சொல்லுக்கு அவர்கள் சொன்ன பொருள். கடலுக்கு அப்பால் இரண்டு ஊர்க் கிழவிகளும் ஒன்றையே பார்த்திருக்கிறார்கள். பாலை எடுத்தால் அந்த இடத்தில் புரதமுள்ள சாப்பாடு வந்தாக வேண்டும்.

தள்ளிப்போட வேண்டிய நேரங்களும் உண்டு. குழந்தைக்கு வயிற்றுப்போக்கோ காய்ச்சலோ இருக்கும்போது, தடுப்பூசி போட்ட வாரத்தில், வீடு மாறும்போது, காப்பகத்தில் புதிதாகச் சேர்க்கும்போது, வீட்டில் துக்கம் நடந்திருக்கும்போது வேண்டாம். கத்திரி வெயிலையும் நான் தவிர்ப்பேன். சோறே இறங்காத காலத்தில் பாலையும் எடுப்பானேன்?

ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தை திடீரென்று ஒரு நாள் மார்பைத் தள்ளிவிட்டால், "அதுவாகவே மறந்துவிட்டது" என்று மகிழ்ந்துவிடாதீர்கள். அந்த வயதில் அது மறதி அல்ல, மறுப்பு. மூக்கடைப்பு, காதுவலி, பல் ஊறல், வாயில் வெள்ளைப்படலம் என்று ஏதாவது இருக்கும். அதைச் சரிசெய்தால் ஓரிரு நாளில் திரும்பி வரும்.

முதல் படி: நான்கு நாள் குறிப்பு

எதையும் நிறுத்தாதீர்கள். நான்கு நாளைக்கு எழுத மட்டும் செய்யுங்கள். எத்தனை மணிக்குக் குடித்தது, எவ்வளவு நேரம், குடித்த பிறகு என்ன செய்தது. பால் கணக்கு எழுதும் நாட்காட்டியின் பின்பக்கம் போதும். இளையவளுக்கு ஒன்றே முக்கால் வயதில் நான் எழுதியதை அப்படியே தருகிறேன்.

காலை 5.45: நீளமாகக் குடித்தாள், பசி. 9.30: இரண்டு நிமிடம், நான் நாற்காலியில் உட்கார்ந்ததால். மதியம் 1: குடித்துக்கொண்டே தூங்கினாள். 4: எழுந்ததும், பாதித் தூக்கத்தில். 6.30: விழுந்து முழங்காலில் அடி, அழுகையை நிறுத்த. இரவு 8.45: தூங்க. 12.30: தூங்க. 3: தெரியவில்லை, நானும் தூங்கிவிட்டேன்.

எட்டு வேளை. அதில் பசிக்காக ஒன்றுதான். நான் எட்டு வேளை உணவைப் பிடுங்கப் போவதாக நினைத்துக் குற்ற உணர்ச்சியில் இருந்தேன். கணக்கைப் பார்த்ததும் பயம் பாதி போய்விட்டது. அந்த 9.30 வேளைக்குக் காரணம் நான் வழக்கமாக உட்காரும் பச்சை பிளாஸ்டிக் நாற்காலி. அதைப் பார்த்தால் பால் ஞாபகம் வந்துவிடுகிறது. நாற்காலியை மொட்டைமாடிக்குத் தூக்கிப் போனேன். அந்த வேளை போயே போய்விட்டது, ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லாமல்.

இரண்டாம் படி: எதை முதலில், எதைக் கடைசியில்

குழந்தைக்கு எது மிகவும் குறைவாக வேண்டியிருக்கிறதோ அதை முதலில் எடுங்கள். பெரும்பாலும் பகல் நடுவில் வரும் வேளைதான் அது. அடுத்து சாயங்காலம். அதற்கடுத்து மதியத் தூக்கம். விடியற்காலைப் பாலும் இரவில் தூங்கவைக்கும் பாலும் கடைசிக்கு இருக்கட்டும்.

ஒரு வேளையை எடுத்தால் குறைந்தது நான்கைந்து நாள் அடுத்ததைத் தொடாதீர்கள். ஒரு வாரம் விட்டால் இன்னும் நல்லது. இந்த இடைவெளி குழந்தைக்காக மட்டுமல்ல. மார்பில் பால் மீந்து நின்றால்தான் 'குறைத்துச் சுரந்தால் போதும்' என்று உடம்புக்குத் தெரியும். அந்தச் செய்தி போய்ச் சேரச் சில நாட்கள் பிடிக்கும். அதற்குள் அடுத்த வேளையையும் எடுத்தால் பால் கட்டிக்கொள்ளும். எடுத்த இரண்டு வேளைகளும் அடுத்தடுத்து இல்லாமல் இருந்தால் மார்புக்கு இன்னும் சுலபம்.

மூன்றாம் படி: வேலையை ஒப்படைத்தல்

பசிக்காகக் குடிக்கும் வேளை என்றால், அந்த நேரத்துக்கு அரை மணி முன்னதாகவே சாப்பாடு கொடுத்துவிடுங்கள். பசி வந்து, அழுது, அதற்குப் பிறகு தட்டை நீட்டினால் எந்தக் குழந்தையும் வாங்காது.

பொழுதுபோகாமல் குடிக்கும் வேளை என்றால், அந்த நேரத்தில் வீட்டில் இருக்காதீர்கள். மாடிக்குப் போங்கள், தெருமுனைக் கடைக்குப் போங்கள், வாளித் தண்ணீரில் தம்ளரை விட்டு விளையாடவிடுங்கள்.

அடி, பயம், அழுகைக்காகக் குடிக்கும் வேளைதான் கஷ்டமானது. அங்கே தூக்கி வைத்துக்கொள்வதும் முதுகைத் தடவுவதும் பாட்டும்தான் கை கொடுக்கும். முதல் சில முறை போதாது. அப்போது கொடுத்துவிடுங்கள், ஒன்றும் கெட்டுப்போகாது. நாமாகக் கொடுப்பதில்லை, பிடிவாதமாகக் கேட்டால் மறுப்பதில்லை என்று வைத்துக்கொண்டாலே பல வேளைகள் தானாக உதிர்ந்துவிடும். ஒன்றரை வயதுக்கு மேல் இந்த ஒரு வழியிலேயே முழுவதுமாக முடித்தவர்கள் இருக்கிறார்கள். மாதக்கணக்கில் ஆகும், அவ்வளவுதான்.

உடையையும் கவனியுங்கள். முன்பக்கம் ஜிப் வைத்த நைட்டியோடு வீட்டில் நடமாடினால் கடைக்குள் கூட்டிப்போய்ப் பொம்மை கேட்காதே என்று சொல்வது போலத்தான். நிறுத்தும் நாட்களில் நான் சுடிதாரிலேயே இருந்தேன்.

ஒரு வயது தாண்டிய குழந்தைக்குச் சொன்னால் புரியும். நாம் நினைப்பதைவிட நிறையவே புரியும். "பகலில் தண்ணீர், ராத்திரி பால்" என்று ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னேன். மூன்றாம் வாரம் அவளே பொம்மைக்கு அதைச் சொல்லிக்கொண்டிருந்தாள். "பாப்பா பெரியவளாகிவிட்டாள், இன்னும் பால் குடிக்கிறாள், வெட்கம்!" என்று வீட்டுக்கு வருகிறவர்கள் சொல்லத் தொடங்கினால் பேச்சை மாற்றிவிடுங்கள். காம்பில் மிளகாய் தடவுவது பக்கமே போகாதீர்கள். அது கண்ணில் படும், புண்ணில் எரியும். கற்றாழையும் வேப்பிலையும் ஆபத்தில்லாதவை என்பார்கள். என் பையன் நிமிர்ந்து பார்த்த அந்தப் பார்வைக்குப் பிறகு எனக்கு அந்த வழியில் நம்பிக்கை இல்லை.

நான்காம் படி: இரவு

இதற்கு ஆள் வேண்டும், அது நீங்களாக இருக்கக் கூடாது. பால் வாசனையோடு பக்கத்தில் படுத்துக்கொண்டு பால் இல்லை என்று சொல்வது இருவருக்குமே சித்திரவதை. எங்கள் வீட்டில் ஒரு வாரம் அவரும் அவளும் கூடத்தில் படுத்தார்கள், நான் உள்ளறையில். தூளியை மறுபடி கட்டினோம். தூங்கவைக்கும் 8.45 வேளையைத் தொடாமல், நள்ளிரவு வேளைகளை மட்டும் முதலில் எடுத்தோம். அழுதால் தோளில் போட்டு நடப்பது, சின்ன எவர்சில்வர் தம்ளரில் ஒரு வாய் தண்ணீர், தூளி. இவ்வளவுதான் அவரிடம் இருந்த ஆயுதங்கள். முதல் இரவு நாற்பது நிமிடம் அழுதாள். நான் கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அழுதேன். இரண்டாம் இரவு அரை மணி. மூன்றாம் இரவு முனகிவிட்டுத் திரும்பிப் படுத்தாள். எல்லாக் குழந்தையும் மூன்று நாளில் அடங்காது. ஒரு வாரத்துக்கு மேலும் அழுகை குறையவில்லை என்றால் விட்டுவிட்டு ஒரு மாதம் கழித்து மறுபடி முயலுங்கள்.

இரவுப் பாலை எடுப்பதற்கு முன் இரவுச் சாப்பாடு ஒழுங்காக இறங்குகிறதா என்று பாருங்கள். ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு இரவில் உண்மையாகவே பசிக்கலாம் என்பதால் அவசரப்பட வேண்டாம். தாய்ப்பாலுக்குப் பதில் புட்டியில் பாலை ஊற்றி வாயில் வைத்துத் தூங்கவிடும் பழக்கம் மட்டும் வரவே கூடாது. முன்பற்கள் கறுத்துச் சொத்தையாகப் போவதற்கு அதைவிடச் சுலபமான வழி கிடையாது. புட்டியை மறக்கடிப்பது இன்னொரு போராட்டம். ஆறு மாதத்துக்குப் பிறகு நேராகத் தம்ளருக்கே போய்விடலாம். சின்னக் குழந்தைக்கு நம் ஊரில் பாலாடை இருக்கிறது. கழுவுவதும் கொதிநீரில் போடுவதும் எளிது, கிருமி ஒளிந்துகொள்ள இடுக்கு இல்லை.

பாலின் இடத்தில் என்ன?

ஒரு வயதுக்குள் என்றால் பவுடர் பால். டப்பாவைத் திருப்பிப் பாருங்கள், எந்தப் பக்கமும் சிரிக்கும் குழந்தையின் படம் இருக்காது. குழந்தையின் படமோ தாயின் படமோ போடக் கூடாது என்பது 1992ஆம் ஆண்டுச் சட்டம். எந்த டப்பா நல்லது என்பதை விளம்பரத்தைப் பார்த்து முடிவுசெய்ய முடியாததே ஒரு விதத்தில் நிம்மதி; மருத்துவரைக் கேளுங்கள். கலக்கும்போது டப்பாவில் போட்டிருக்கும் அளவு எதுவோ அதுதான். செலவைக் குறைக்க ஒரு கரண்டி குறைத்தால் குழந்தை இளைக்கும், சத்து என்று ஒரு கரண்டி கூட்டினால் சிறுநீரகத்துக்குச் சுமை. பவுடரில் கிருமி இருக்க வாய்ப்புண்டு என்பதால் கொதித்த தண்ணீர் 70 டிகிரிக்குக் கீழே இறங்கும் முன் கலந்துவிட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதாவது கொதிக்கவைத்து இறக்கி அரை மணிக்குள். பிறகு ஆறவைத்து, மணிக்கட்டின் உட்புறம் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துக் கொடுங்கள். வெளியே வைத்த பால் இரண்டு மணி நேரம் தாண்டினால் கொட்டிவிடுங்கள்.

பசும்பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு. ஒரு வயதுக்குள் அதையே முக்கியப் பாலாகக் கொடுத்தால் ரத்தச்சோகை வரும். என் மூத்தவனுக்கு வந்தது. ஒரு வயதுக்கு மேல் தாராளமாகக் கொடுக்கலாம், ஆனால் நாளுக்கு அரை லிட்டரைத் தாண்ட வேண்டாம். அதற்கு மேல் குடிக்கும் குழந்தை சோறு சாப்பிடாது. "சாப்பிடவே மாட்டேன் என்கிறான், அதனால் பாலாவது குடிக்கட்டும்" என்று சொல்லும் வீடுகளில் காரணமும் விளைவும் பெரும்பாலும் தலைகீழாக இருக்கும்.

சாப்பாடு 9 மாதத்துக்கு மேல் நாளுக்கு மூன்று நான்கு வேளை, நடுவில் ஓரிரண்டு தின்பண்டம். பருப்புச் சாதத்தில் நெய், முட்டை, முள் எடுத்த மீன், ஈரல், கேழ்வரகுக் கூழ், முருங்கைக்கீரை, நேந்திரம்பழம். அங்கன்வாடியில் தரும் சத்துமாவும் நல்லதுதான். வாங்கி மாட்டுக்குப் போடாதீர்கள். ஒரு வயதுக்குள் தேன் வேண்டாம், நாக்கில் தடவக்கூட. டீயில் பிஸ்கட் நனைத்துக் கொடுக்கும் பழக்கமும் வேண்டாம். சாப்பாட்டிலுள்ள இரும்புச்சத்தை டீ உடம்பில் சேரவிடாது.

உங்கள் மார்பு

மெதுவாகக் குறைத்தால் இந்தப் பகுதி உங்களுக்கு அதிகம் தேவைப்படாது. இருந்தாலும் ஒரு நாளாவது பால் கட்டிக்கொள்ளும். அப்போது கையால் பீய்ச்சுங்கள், ஆனால் இறுக்கம் தளரும் அளவுக்கு மட்டும். முழுவதும் காலிசெய்தால் உடம்பு மறுபடி நிரப்பும். குளியலறையில் இரண்டு நிமிடம் போதும். துணியில் சுற்றிய ஐஸ் ஒத்தடம், நன்றாகத் தாங்கும் ஆனால் இறுக்காத உள்ளாடை, வலி தாங்கவில்லை என்றால் பாராசிட்டமால். துண்டை வைத்து மார்பை இறுக்கிக் கட்டும் பழைய வழக்கம் வேண்டாம், அது கட்டியைத்தான் வரவழைக்கும். தண்ணீர் குடிப்பதைக் குறைத்தால் பால் வற்றும் என்பதும் உண்மையில்லை. கட்டியான இடத்தை அழுத்தித் தேய்க்காதீர்கள்.

முட்டைகோஸ் இலையைக் குளிரவைத்து உள்ளே வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். இதமாக இருக்கும், அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். நம் பக்கத்துக் கைவைத்தியம் இதைவிட மணமானது: மல்லிகைச் சரத்தை மார்பில் வைத்துக் கட்டுவது. இதை மூடநம்பிக்கை என்று நானும் சிரித்திருக்கிறேன். பிறகுதான் தெரிந்தது, வேலூரில் மருத்துவர்கள் இதை உண்மையாகவே சோதித்திருக்கிறார்கள். பிரசவித்தவுடன் பாலை நிறுத்த வேண்டியிருந்த தாய்மார்களில் ஒரு பகுதியினருக்கு மல்லிகையும், இன்னொரு பகுதியினருக்கு புரோமோகிரிப்டின் என்ற மாத்திரையும் கொடுத்து ஒப்பிட்ட அந்த ஆய்வு 1988இல் வெளிவந்தது. இரண்டு தரப்பிலும் பால் சுரக்கவைக்கும் புரோலாக்டின் குறைந்திருந்தது. சின்ன ஆய்வு, அதுவும் பிரசவித்த புதிதில் இருந்தவர்களிடம் நடந்தது. ஆனாலும் முயன்று பார்ப்பதில் நஷ்டம் இரண்டு முழம் பூதான்.

மாத்திரையை நீங்களாக மருந்துக்கடையில் கேட்டு வாங்கக் கூடாது. புரோமோகிரிப்டினால் சில தாய்மார்களுக்கு ரத்த அழுத்தம் ஏறி, வலிப்பும் பக்கவாதமும் வந்ததால் அமெரிக்காவில் 1990களிலேயே பால் நிறுத்துவதற்கான அனுமதியை விலக்கிவிட்டார்கள். அதற்குப் பதிலாக வேறு மாத்திரைகள் இருக்கின்றன. யாருக்கு, எப்போது என்பதை மகப்பேறு மருத்துவர் சொல்ல வேண்டும். மாதக்கணக்கில் கொடுத்துவிட்டு நிறுத்துகிறவர்களுக்குப் பெரும்பாலும் தேவையே இருக்காது.

மார்பில் ஒரு பக்கம் சிவந்து சூடாகி, குளிர் நடுக்கத்தோடு காய்ச்சலும் வந்தால் அது பால் கட்டியது மட்டுமல்ல, அழற்சி. அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். நிறுத்துவதைச் சில நாள் தள்ளிவைத்து, வழக்கம் போலக் குழந்தைக்குக் கொடுங்கள் அல்லது பீய்ச்சுங்கள். அந்தப் பாலால் குழந்தைக்குக் கெடுதல் இல்லை. அப்போது பார்த்து அடியோடு நிறுத்தினால் சீழ்க்கட்டியாக மாறிக் கீற வேண்டிவரும்.

சிகிச்சைக்காக இன்றே நிறுத்தியாக வேண்டும் என்ற நிலையும் சிலருக்கு வருகிறது. அப்போது குழந்தைக்கான படிகள் எல்லாம் விட்டுப்போகும், மார்புக்கான படிகளை விட வேண்டியதில்லை. குழந்தை குடித்துவந்த அதே நேரங்களில் பீய்ச்சி, சில நாளுக்கு ஒரு முறை ஒரு நேரத்தைக் குறைத்து, பீய்ச்சும் அளவையும் குறைத்துக்கொண்டே வாருங்கள். அந்தப் பாலைக் குழந்தைக்குக் கொடுக்கலாமா என்பதைச் சிகிச்சை தரும் மருத்துவரிடம் கேளுங்கள்.

யாரும் முன்கூட்டிச் சொல்லாதவை

கடைசி வேளையை எடுத்த வாரத்தில் எனக்குக் காரணமில்லாமல் அழுகை வந்தது. சட்னிக்குத் தேங்காய் துருவிக்கொண்டே அழுதிருக்கிறேன். பால் சுரக்கவைத்த ஹார்மோன்கள் இறங்கும்போது சிலருக்கு மனம் சோர்ந்துபோகும். மெதுவாக நிறுத்தினால் இதுவும் லேசாக இருக்கும். வீட்டில் உள்ளவர்களிடம் முன்பே சொல்லிவையுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, தூக்கமே வராமல் போனாலோ, விபரீத எண்ணங்கள் வந்தாலோ மருத்துவரிடம் போங்கள். பிரசவத்துக்குப் பின் மனச்சோர்வு இருந்தவர்கள் நிறுத்தத் தொடங்கும் முன்பே சொல்லிவிடுவது நல்லது.

பால் கொடுத்தால் கரு தங்காது என்பது முதல் 6 மாதத்துக்கு, அதுவும் தாய்ப்பால் மட்டுமே கொடுத்து, மாதவிடாய் வராதவர்களுக்குப் பொருந்தும் கணக்கு. நீங்கள் அந்த எல்லையை எப்போதோ தாண்டிவிட்டீர்கள். வேளைகளைக் குறைக்கத் தொடங்கியதும் கருமுட்டை வெளிவரும் வாய்ப்பு கூடுகிறது. மாதவிடாய் வருமுன்பே கருத்தரிக்கவும் முடியும். அடுத்த குழந்தை இப்போது வேண்டாம் என்றால் அதற்கான ஏற்பாட்டை முதல் வேளையை எடுக்கும் முன்பே செய்துகொள்ளுங்கள்.

நிறுத்திப் பல வாரம் ஆன பிறகும் அழுத்தினால் ஓரிரு சொட்டு வரும், பயப்பட வேண்டாம். அழுத்திப் பார்ப்பதை நிறுத்துங்கள். கரையாத கட்டி, ரத்தம் கலந்த கசிவு, தோல் சுருங்குவது என்று ஏதாவது தெரிந்தால் மட்டும் 'பால் கட்டியதுதான்' என்று நினைத்துக்கொண்டிருக்காமல் காட்டிவிடுங்கள்.

குழந்தை மறுபடி கேட்குமா? கேட்கும். எல்லாம் முடிந்து ஆறு வாரம் ஆன பிறகு ஒரு மதியம் இளையவள் என் மடியில் ஏறி, சுடிதாரின் கழுத்தைப் பிடித்து இழுத்து, "பால்" என்றாள். மறுத்தால் மறுபடி ஏக்கம் பிடிக்குமோ என்று தயங்கிவிட்டுக் கொடுத்தேன். வாயைத் திறந்து வைத்தாள். சிறிது நேரம் அப்படியே இருந்தாள். நாக்கை எங்கே வைப்பது, எப்படி இழுப்பது என்று தெரியவில்லை. ஒன்றே முக்கால் வருடம் நாளுக்கு எட்டு முறை செய்த காரியம். என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு இறங்கி, திண்ணையில் படுத்திருந்த பூனையைத் தேடிப் போய்விட்டாள்.